இரண்டு பேருக்கு ஒரு மேசை

"கடலோரத்துல இருக்கறது வேணாம் பாப்பா. அங்கேருந்து ராத்திரியில அவளுக்கு ஆட்டோ கிடைக்காது."

"நீதான் கூட இருப்பியே. கொண்டுபோய் வுட மாட்டியா?"

"வுடுவேன்... இருந்தாலும் அவ ஹாஸ்டலுக்குப் பக்கமா இருக்கட்டும். அடுத்தது என்ன போட்டிருக்கான், படி."

புவனேஸ்வரி மடியில் விரித்திருந்த பேப்பரைத் திருப்பினாள். சென்னையின் பெரிய ஓட்டல்களைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் படங்களோடு போட்டிருந்தார்கள். அரியலூர் ஸ்டேஷனில் மத்தியான வெயில் கொளுத்தியது. எதிர்த் தண்டவாளத்தில் சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று போக மனமில்லாததுபோல நின்றிருந்தது. அண்ணன் பிரேம்குமார் வேலைக்குத் திரும்பிப் போகும் சென்னை வண்டி வர இன்னும் நேரம் இருந்தது.

காலையில் அவன்தான் கேட்டான். வரும் சனிக்கிழமை பிரியாவை ஒரு பெரிய இடத்துக்குச் சாப்பிடக் கூட்டிப்போக வேண்டும், நல்ல இடமாக நீயே பார்த்துச் சொல் என்று. கேட்டதிலிருந்து புவனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சகாய பிரியா அவளோடு திருச்சியில் ஒரே ஹாஸ்டல் அறையில் மூன்று வருஷம் இருந்தவள். ஏலாக்குறிச்சி அருளானந்தம் வாத்தியாரின் மகள்; கிறிஸ்தவக் குடும்பம். இப்போது சென்னையில் டீச்சர்; அங்கேயும் ஹாஸ்டல்தான். அண்ணனுக்கு அவளை அறிமுகம் செய்து வைத்ததே புவனாதான்.

நூலகத்திலிருந்து எடுத்துவந்து படிக்கும் வெளிநாட்டுக் கதைகளில், இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆண்கள் பெண்களை ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் அழைத்துப் போவார்கள். சாப்பாடு ஆறிப்போகும். அவனுக்கு வார்த்தை வராது. கடைசியில் கேட்டே விடுவான்.

முந்தின நாள் ராத்திரி அண்ணனும் அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். சண்டைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அப்பா சிங்காரவேலு ஒத்துக்கொண்டுவிட்டார் என்று புவனாவாகவே முடிவு செய்துகொண்டாள். வீட்டில் எல்லாமே கூடிவரும் நேரம் போலிருந்தது அவளுக்கு. போன வெள்ளிக்கிழமைதான் பெரம்பலூர்க்காரர்களிடமிருந்து சம்மதம் என்று தகவல் வந்திருந்தது. மாப்பிள்ளை திருமுருகன் அவளைப் பெண் பார்க்க வந்தபோது, அலமாரியில் இருந்த புத்தகங்களைக் காட்டி, "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் வைக்க ஒரு ரூம் வேணுமே" என்று சிரித்தவன்.

"இது மொட்டைமாடில இருக்கு. சுத்தியும் விளக்கு. பாட்டுக் கச்சேரிகூட உண்டாம்."

"பாட்டு வேணாம். சத்தம் இல்லாத எடமா இருக்கணும்."

"அப்ப இது. ஒன்பதாவது மாடி. வெள்ளைத் துணி விரிச்ச மேசை. கோட்டுப் போட்டவங்க வந்து நாற்காலியை இழுத்து வுடுவாங்க பாரு. உனக்குக் கை கால் நடுங்கப்போவுது."

"மேசையெல்லாம் தள்ளித் தள்ளி இருக்குமா?"

"படத்துல அப்படித்தான் இருக்கு."

"ஆளுங்க இருப்பாங்கள்ல?"

"என்னண்ணே நீ? சத்தமும் கூடாது, ஆளும் வேணும்ங்கற."

"சரி, இதுவே இருக்கட்டும்" என்றான் அவன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்று நம்பர் போட்டிருந்தார்கள். புவனா தன் செல்போனிலேயே கூப்பிட்டாள். ஒரு பெண்குரல், தேன் தடவினமாதிரி. சனிக்கிழமை, இரண்டு பேர், ஜன்னலோர மேசை. புவனா தன் இங்கிலீஷை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். ஏதாவது விசேஷமா மேடம், பிறந்தநாளா, கல்யாண நாளா, எங்கள் சார்பில் ஒரு கேக் வைப்போம் என்றது குரல். அதெல்லாம் இல்லை, என் அண்ணன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கப்போகிறார் என்றாள் புவனா பெருமையாக. குரல் குதூகலித்தது. அப்படியென்றால் ரோஜாப்பூவும் வைத்துவிடுகிறோம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஏன் பாப்பா அப்படிச் சொன்ன?"

"வேற எதுக்குப் போற?"

அவன் பையின் வாரை முறுக்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "திருமுருகனுக்கு ஒரு தங்கச்சி இருக்குல்ல, சிவரஞ்சனி. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கணுமாம். அதை நான் கட்டிக்கிட்டாத்தான் உன்னை எடுப்பாங்களாம். அப்பா வாக்குக் குடுத்துட்டாரு."

"எனக்காகவா?"

"உன்மேல பழி போட மாட்டேன். எனக்கும் தைரியம் இல்ல. வேதக்காரப் பொண்ணுன்னு அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னாரு. நான் வாயை மூடிக்கிட்டேன்."

"அதுக்கு எதுக்குண்ணே ஒன்பதாவது மாடி? நீங்க எப்பவும் போற பிரியாணிக் கடையில சொல்ல வேண்டியதுதான?"

"அங்க அவ கத்துவா. சட்டையைப் புடிச்சு இழுத்துக் கேப்பா. அவ அழுதா நான் ஒடைஞ்சு போயிடுவேன், அவ பின்னாடியே போயிடுவேன்." பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டான். "அந்த மாதிரி எடத்துல யாரும் சத்தம் போட்டு அழ மாட்டாங்க பாப்பா."

சத்தம் வேண்டாம். ஆட்கள் வேண்டும். பிரியா தனியாகத் திரும்ப ஆட்டோ கிடைக்க வேண்டும். அவன் ஒவ்வொன்றாகக் கேட்டதும், தான் ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்ததும் புவனாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

வண்டி வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவன் கம்பி வழியாகச் சொன்னான். "அவகிட்ட நீ எதுவும் சொல்லிடாத. நானே சொல்லிக்கறேன். மேசை அப்படியே இருக்கட்டும்."

அவள் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வண்டி போன பிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். திருமுருகனின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அதை வேண்டாம் என்று தள்ளமுடியவில்லை என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

செல்போன் அடித்தது. பிரியா.

"அடியே நாத்தனாரே! உங்கண்ணன் இப்பத்தான் மெசேஜ் அனுப்பினான். ஒன்பதாவது மாடியாம், வெள்ளைத் துணி மேசையாம். இதெல்லாம் அவன் மூளைக்கு எட்டாது, நீதானே புடிச்ச?"

"ம்..."

"என்னடி குரலே வரல? சளியா? சரி, சீக்கிரம் கேளு. கோயம்பேட்டுல நிக்கறேன், அப்பாவை பஸ் ஏத்திவுட வந்தேன். வரதராசன்பேட்டையிலேருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருக்கு. நல்ல பையன்தான், பள்ளிக்கூடத்துல வேலை. இன்னைக்கே பதில் சொல்லணுமாம் அவங்களுக்கு. அப்பா ரெண்டு நாளா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காரு, ஒண்ணும் கேக்கல. எனக்குப் பாவமா இருக்கு." பின்னால் ஹாரன் சத்தம். பிரியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சனிக்கிழமை எதுக்குன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் உன் வாயால கேட்டுட்டா எனக்குத் தெம்பா இருக்கும். அந்த மாப்பிள்ளை வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிடட்டுமா? பஸ்ஸை எடுக்கப் போறான் புவி, ஒரு வார்த்தை சொல்லேன்."