மாவு ஏன் உப்பவில்லை?

ட்ரேக்களை மூடியிருந்த துணியை விலக்கிய பேக்கரி மாஸ்டரின் முகம் சுருங்கியது. பன்னுக்கு உருட்டி வைத்த மாவு இன்றும் உப்பவில்லை. வைத்தது வைத்தபடி கல்லாட்டம் கிடந்தது.

"குருவி வந்ததுலேர்ந்துதான் இப்படி," என்றார் முதலாளியம்மாவிடம். "அது கை ராசி சரியில்லம்மா. வேலையை விட்டு அனுப்பிடுங்க."

குருவி என்பது, கேக்குகளுக்கு க்ரீம் பூ போடப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கடையில் வைத்த பட்டப்பெயர். வாய் ஓயாமல் பேசுவாள். அவள் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் சொன்னது காதில் விழுந்ததும் நேரே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் வரல மாஸ்டர். அப்பவும் உப்பலன்னா என்ன சொல்வீங்க?"

"உப்பும் பாரு."

உப்பித்தான் விட்டது. அவள் திரும்பி வந்ததும் மாஸ்டர் பஞ்சு மாதிரி இருந்த பன் ஒன்றை நீட்டினார். "இது நேத்து போட்டது. இப்ப என்ன சொல்ற?"

முதலாளியம்மா சங்கடத்தோடு கையைப் பிசைந்தார். குருவி பன்னைக் கடித்தபடி யோசித்தாள்.

"நேத்து ஏசி ஓடுச்சா மாஸ்டர்?"

"க்ரீம் வேலையே இல்ல. ஏசி எதுக்கு?"

"அப்ப நான் மட்டுமா லீவு? ஏசியும்தான லீவு."

க்ரீம் உருகாமல் இருக்க, அவள் சேர்ந்த அன்றுதான் அந்த ஏசியை மாட்டியிருந்தார்கள். அதன் குளிர்காற்று நேரே மாவு ட்ரேக்களின் மேல்தான் அடித்தது.

முதலாளியம்மா உடனே ஏசியை நிறுத்தினார். குருவி நாற்காலியை இழுத்துப் போட்டு, புதிதாக மாவு வைத்த ட்ரேக்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"என் மூஞ்சிய மாவு நல்லாப் பாத்துக்கட்டும்."

ஒரு மணி நேரத்தில் மாவு ட்ரேயின் விளிம்பைத் தாண்டி எழும்பியது. முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாஸ்டரும் அசட்டுச் சிரிப்போடு ட்ரேக்களைத் தூக்கி, ஏசி காற்று படாத ஓவன் அறைக்கு மாற்றினார். பிறகு குருவியிடம் வந்து நின்றார்.

"தப்பு என்னோடதுதாம்மா. ஒருத்தர் வந்த பின்னாடி ஒண்ணு நடந்துட்டா, அவங்கதான் காரணம்னு ஆயிடாது. கூடவே வேற என்ன மாறுச்சுன்னு பாக்கணும். ஒவ்வொண்ணா மாத்திச் சோதிக்கணும். அதைச் செய்யாம யாரையும் ராசியில்லாதவங்கன்னு சொல்றது பெரிய பாவம்."