கண்ணாடிக்குள் வால்ட்டரின் கைக்கடிகாரம்

செம்பு வாடை சோப்புக்குப் போவதில்லை. வீட்டில் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது ரொட்டிக்கு முன்னால் அதுதான் வரும். பழைய காசின் வாடை, அதன்மேல் படிந்த ஊர்ப்பட்ட விரல்களின் வாடை. இங்கிலாந்தின் கிளீத்தோர்ப்ஸ் கடற்கரையில் இந்த விளையாட்டுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

காலையில் கதவு திறப்பதற்கு முன் காசு தள்ளும் இயந்திரங்களைத் தயார் செய்வது என் பொறுப்பு. கண்ணாடிக்குள் இரண்டு தட்டுகள். மேல்தட்டு ஓயாமல் முன்னும் பின்னும் போய்வரும். ஆடுகிறவர் போடும் இரண்டு பென்ஸ் காசு அதன்மேல் விழுந்து, கீழ்த்தட்டுக்குத் தள்ளப்படும். அங்கே கிடக்கும் காசுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு விளிம்புக்கு நகரும். விளிம்பு தாண்டி முன்னால் விழுவது ஆடுகிறவருக்கு. பக்கவாட்டில் சந்துகள் இருக்கின்றன. அவற்றில் விழுவது எங்களுக்கு. அந்தச் சந்து கண்ணில் படாமல் இருக்க அங்கே பொம்மைகளைச் சாய்த்து வைப்பேன். விளிம்பில் காசுகளைப் பாதி உடம்பு வெளியே தொங்கும்படி ஒவ்வொன்றாக அடுக்குவேன். நடுவில் குவியல் உயரமாக, இப்போதே சரிந்துவிடும்போல இருக்க வேண்டும். ஆனால் சரியக் கூடாது. அவ்வப்போது நாலைந்து காசு விழவும் வேண்டும். விழுகிற தொட்டி வெறும் தகரம், சத்தத்துக்காக. நாலு காசு விழுந்தால் நாற்பது விழுந்ததுபோல் கேட்கும்.

"பசி எடுக்கிற மாதிரி வை, லோர்னா. வயிறு ரொம்புற மாதிரி வைக்காதே" என்பார் முதலாளி கிளைவ் பிராம்ஹால். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். எனக்கு இந்த வேலை நன்றாக வரும். அதை நினைத்தால்தான் குமட்டுகிறது.

அக்டோபரில் வெளியூர்க்காரர்கள் வருவது நின்றுவிடும். கடல் பின்வாங்கிப்போய் வெறும் சேறு கிடக்கும். கூடத்துக்கு வருவது வழக்கமான ஆட்கள் மட்டும்தான். அவரவருக்கு ஓர் இயந்திரம். கழிப்பறைக்குப் போனால் காசுக் கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். வேறு யாரும் தொடமாட்டார்கள். எங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் நின்று ஆடிக்கொண்டிருக்கும்போது இயந்திரத்தின் கண்ணாடியைத் திறக்கக் கூடாது. எங்கும் எழுதியிருக்காது, ஆனால் இந்தக் கரையில் எந்தக் கூடத்திலும் யாரும் அதை மீறிப் பார்த்ததில்லை.

எட்னா பாக்லிங்டனின் இயந்திரம் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. கோடையில் அவள் கணவர் வால்ட்டர் இறந்துபோனார். மகள் வந்து துணிமணிகளை மூட்டை கட்டி, பழைய சாமான்களை விற்றுத் தர்மத்துக்குச் செலவிடும் தர்மக்கடைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு கோட்டின் பையில் வால்ட்டரின் கைக்கடிகாரம் இருந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் அவர் இருபத்தைந்து வருடம் உழைத்ததற்குக் கொடுத்தது. பின்புறத்தில் பெயர் வெட்டியிருக்கும். எட்னாவுக்கு இது தெரியவந்தபோது கடையில் அது இல்லை. யாரோ வாங்கிப்போய்விட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லி, கூடத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை கிளைவ் அந்தக் கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஜன்னலோர மெஷின்ல வை. நடுவுல."

திருப்பிப் பார்த்தேன். பெயர் இருந்தது.

"இது எட்னாவோடது."

"வால்ட்டரோடது" என்றார். "குப்புற வை. பேரு தெரியணும்."

நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பன்றி இறைச்சி வைத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தார். உதட்டோரத்தில் சாஸ் வழிந்தது.

"என்ன முறைக்கிற? கையில குடுத்தா ஒரு நன்றி சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவா. வீட்டுல என்ன இருக்கு அவளுக்கு? இதுன்னா தினமும் கிளம்பி வருவா, நாலு பேரைப் பாப்பா. அவளுக்கு நல்லதுதானே பண்றேன்."

"அப்போ குடுக்கவே மாட்டீங்களா?"

"விழுந்தா எடுத்துக்கட்டும். யாரு வேணாம்னா? விழாம பாத்துக்கிறது உன் கெட்டிக்காரத்தனம்."

வைத்தேன். குப்புறப் படுக்கவைத்து, தோல்வாரின் இரண்டு நுனிகளையும் காசுகளுக்கு அடியில் செருகினேன். அப்படிச் செருகினால் குவியல் நகர்ந்தாலும் அது சுலபத்தில் நகராது. கைகள் என்னைக் கேட்காமலே அதைச் செய்துமுடித்தன.

எட்னா வந்தாள். கோட்டைக் கழற்றினாள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள், முதல் காசைப் போடக் குனிந்தாள். அப்படியே நின்றாள். வெகுநேரம் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் காசைப் போட்டாள்.

பக்கத்து இயந்திரத்தில் ஆடும் ஆர்னல்ட், முன்பு பேருந்து ஓட்டியவர், எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அது அவ புருஷன் வாட்ச்தானே?"

"ஆமா."

"நம்ம முதலாளி செத்தா பல்செட்டைக் கழட்டி என் மெஷின்ல வை. காசு போட்டு ஆடுவேன்."

சிரிப்பதற்காகச் சொன்னார். இருவரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, எட்னா தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் விரல்நுனிகள் கறுத்திருந்தன.

"நான் திறந்து எடுத்துத் தர்றேன்" என்றேன்.

"உன் வேலை போயிடும் கண்ணு."

"போகட்டும்."

அவள் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "தர்மக்கடைக்காரி போன வாரமே சொல்லிட்டா, இந்த கிளைவ்தான் வாங்கினான்னு. கொண்டுவந்து குடுப்பான், ஒரு கேக் செஞ்சு வைக்கலாம்னு செஞ்சேன். ரெண்டு நாள் வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் நானே தின்னேன்." "துறையில வேலை பாக்கிறவங்க எல்லாரும் சாயங்காலம் ரெண்டு மீனை எடுத்துட்டு வருவாங்க. வால்ட்டர் ஒரு வால்கூட சும்மா எடுத்துட்டு வந்ததில்ல. அவரோட வாட்ச்சை நீ திருடிக் குடுத்து நான் வாங்கிக்கவா? அது விழும். விழ வச்சு எடுத்துக்கிறேன்."

அது விழாது என்பது எனக்குத் தெரியும். விழாதபடி வைத்தது நான்.

மறுநாள் காலை சீக்கிரம் போய் அந்தத் தட்டைக் காலி செய்தேன். தோல்வாரை விடுவித்தேன். காசுகளை எல்லாம் வாளியில் போட்டு வினிகரும் உப்பும் சேர்த்து அலசினேன். அழுக்குக் காசு ஒன்றோடொன்று ஒட்டும். சுத்தமான காசு வழுக்கும். வழுக்கினால் எல்லாம் விரைவாக முன்னுக்குப் போகும், கடிகாரமும் கூடவே போகும் என்று கணக்குப் போட்டேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. காசுகள் வழுக்கின, ஆனால் கடிகாரத்தின் அடியிலிருந்து வழுக்கிப்போயின. முன்னாலும் பக்கச் சந்துகளிலும் கொட்டித் தீர்ந்தன. மத்தியானத்துக்குள் கடிகாரம் வெறும் தட்டில் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. பின்னாலிருந்து வந்த காசுகள் அதன்மேல் ஏறி மறுபக்கம் இறங்கின. அசையவே இல்லை. எட்னா மறுபடி மறுபடி சில்லறை மாற்றிவந்தாள். நான் உதவி செய்ததால் அவள் காசு இன்னும் அதிகமாகப் போயிற்று. கிளைவ் மாலையில் என் தோளைத் தட்டினார்.

"பளபளன்னு பண்ணியிருக்க! தூரத்துல இருந்தே இழுக்குது."

அவர் கை பட்ட இடத்தை வீட்டுக்குப் போய்த் தேய்த்துக் கழுவினேன்.

அன்று படுக்கையில் யோசித்துக்கொண்டிருந்தபோது கோடைக்காலம் நினைவுக்கு வந்தது. ஐஸ் தின்ற கையோடு குழந்தைகள் ஆடும் மாதங்களில் காசுகள் ஒட்டிப் பாளமாகிவிடும். பாளம் ஒரே துண்டாக நகர்ந்து விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் மொத்தமாகக் கவிழும். அதனால் தினமும் காலையில் பாளத்தைக் கையால் உடைத்துவிட வேண்டும் என்பது கிளைவின் கண்டிப்பான உத்தரவு. வழுக்க வைத்திருக்கக் கூடாது. ஒட்ட வைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை இனிப்பான எலுமிச்சை சோடாவில் காசுகளை நனைத்து, பிசுபிசுப்பு ஏறியதும் தட்டில் நெருக்கமாகப் பரப்பினேன். அதன்மேல் கடிகாரம். அருவருப்பாக இருந்தது, குழந்தையின் எச்சிலைப் பூசுவதுபோல. ஆனால் எட்னா ஆட ஆட, பாளம் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு நகர்ந்தது. சனிக்கிழமை நான் எதையும் உடைக்கவில்லை. மத்தியானம் பாளத்தின் மூக்கு விளிம்பைத் தாண்டி நீண்டிருந்தது. கடிகாரத்தின் வார் ஒன்று வெளியே தொங்கியது. ஆர்னல்ட் தன் இயந்திரத்தை விட்டுவிட்டு வந்து எட்னாவுக்குப் பின்னால் நின்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள்.

கிளைவும் வந்தார். பார்த்தார். அவர் முகம் மாறியது.

"லோர்னா, பாளம் கட்டியிருக்கு. திறந்து உடை."

"அவங்க ஆடிட்டிருக்காங்க."

"மெஷின் பழுது. உடைச்சுட்டு வாட்ச்சைப் பின்னால தள்ளி வை."

"மாட்டேன்."

அவர் என் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைப் பறித்தார். எட்னா காசுத்துளையில் கை வைத்திருக்கும்போதே அவளைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு கண்ணாடியைத் திறந்தார்.

கூடத்தில் ஒரு சத்தம் நின்றது. எது நின்றது என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது: யாரும் காசு போடவில்லை. வரிசை முழுக்க எல்லோரும் கையில் காசோடு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் மட்டும் வெறுமனே முன்னும் பின்னும் போய்வந்தன. அத்தனை நாளில் அந்தத் தட்டுகளின் மூச்சை நான் தனியாகக் கேட்டதில்லை.

கிளைவின் கை உள்ளே இருந்தது. அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சட்டென்று கடிகாரத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தா, எட்னா கண்ணே. நம்ம கடையோட அன்பளிப்பு. நீயே வச்சுக்க."

எட்னா கையை நீட்டவில்லை.

"உன் கையால எனக்கு ஒண்ணும் வேணாம்."

"உன்னோடதுதானே! எடுத்துக்க."

"எங்க இருந்து எடுத்தியோ அங்கயே வை."

அவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "வைப்பா" என்றார் ஆர்னல்ட், பேருந்தில் பயணியை நகரச் சொல்லும் குரலில். கிளைவ் வைத்தார், இருந்த இடத்திலேயே, வார் வெளியே தொங்கும்படி. கண்ணாடியைச் சாத்தினார். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. ஆனால் அவசரத்தில் அது சரியாகப் பொருந்தாமல் நின்றது, சாவிக்கொத்தும் சாவித்துளையிலேயே தொங்கியது.

எட்னா ஒரு காசு போட்டாள். ஒன்றுமில்லை. இன்னொன்று. மூன்றாவது காசு நின்று, சாய்ந்து, மற்றொன்றை இடித்தது. பாளம் கவிழ்ந்தது. தகரத் தொட்டியில் அத்தனை காசும் இடிபோல் விழுந்தன.

எட்னா காசுகளைத் தொடவில்லை. அவற்றுக்கு நடுவிலிருந்து கடிகாரத்தை எடுத்து, கைக்குட்டையால் பிசுக்கைத் துடைத்தாள். காதில் வைத்துப் பார்த்தாள். நின்றுபோயிருக்கும். கோட்டை மாட்டிக்கொண்டு, பெயர் வெட்டிய பக்கம் தோலில் படும்படி தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வெளியே போனாள். அது அவளுக்கு மிகப் பெரிதாக இருந்தது. முழங்கை வரை சறுக்கியது.

இன்னும் ஒருவராவது அவள் பின்னால் போவார் என்று எதிர்பார்த்தேன். ஆர்னல்ட் பெருமூச்சு விட்டார். தன் இயந்திரத்துக்குத் திரும்பி ஒரு காசு போட்டார். பிறகு வரிசை முழுக்க மறுபடி தொடங்கியது, சளசளவென்று, ஒன்றும் நடக்காததுபோல.

கிளைவ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நிறம் திரும்பி வந்தது.

"பாத்தியா கூட்டத்தை? ஒத்தை வாட்ச்சுக்கு!" குனிந்து என் காதருகில் சொன்னார். வாயில் வெங்காயம் நாறியது. "இவங்ககிட்ட மெதுவா பேச்சுக் குடுத்துப் பாரு. யாரு எதைத் தொலைச்சிருக்காங்கன்னு கேட்டு வை. ஆர்னல்ட்டுக்கு ஏதோ மெடல் காணாமப்போச்சாமே?"

சாவித்துளையில் தொங்கிய சாவிக்கொத்தை உருவினேன். கூடத்தின் எல்லாப் பூட்டுக்கும் அது ஒன்றுதான். மாற்றுச் சாவி செய்யும்படி அவரிடம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் திறந்து, காலியான தட்டின் நடுவில் கொத்தை வைத்தேன். தொட்டியில் கிடந்த காசுகளை அள்ளிச் சுற்றிலும் நெருக்கி, இரண்டைப் பாதி தொங்கவிட்டேன். நன்றாக வந்தது. வழக்கம்போல. பிறகு கதவைப் பொருந்த அழுத்திச் சாத்தினேன். பூட்டு விழுந்தது.

"ஏய், என்ன பண்ற?"

"விழுந்தா எடுத்துக்கோங்க" என்றேன்.

கோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெளியே சேற்றுக்கு அப்பால் கடல் எங்கோ இருந்தது. பின்னால் அவர் பைகளில் கைவிட்டுச் சில்லறை தேடும் சத்தம் கேட்டது. கைகளை முகர்ந்து பார்த்தேன். வாடை போகவில்லை.