சண்டை போட ஒரு படகு

ரின்ஸேயும் ஆஃப்கேயும் என்னிடம் படகு வாங்க வந்தது மார்ச் மாதத்தில். நெதர்லாந்தின் லெம்மர் துறைமுகத்தில் பாதிப் படகுகள் இன்னும் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. ரின்ஸே மாகாண அரசுக்குப் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஆஃப்கே, காது கேட்கும் கருவி விற்கும் கடை வைத்திருந்தவர். காது மந்தமானவர்களோடு ஒரு ஆயுள் முழுக்கப் பேசியதில் குரல் உரத்தபடியே நிலைத்துவிட்டது. அவர் வணக்கம் சொன்னால் எதிர்க்கரையில் வாத்துகள் எழுந்து பறக்கும்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டு வருடம் படகிலேயே வாழ்வது, ஸ்வீடன், ஃபின்லாந்து என்று சுற்றுவது என்பது திட்டம். அதற்கு ஏற்றது ட்ராலர் வகைப் படகு. மீன்பிடிப் படகின் சாயலில் இருக்கும், மெதுவாகப் போகும், ஆனால் நெடுந்தூரம் தாங்கும்.

"என்ன மாதிரி பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"இரும்பு உடம்பு. ஒரே எஞ்சின். ரெண்டு படுக்கையறை," என்றார் ரின்ஸே.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் யோர்ரிட்," என்றார் ஆஃப்கே. "இவன்மேல கோவம் வந்தா எந்திரிச்சுப் போய் உக்கார ஒரு இடம் வேணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் படகில் ரின்ஸே எஞ்சின் அறைக்குள் தலையை விட்டு அரைமணி நேரம் எடுக்கவில்லை. வெளியே வந்ததும் ஆஃப்கே நடுக்கூடத்தில் கைகட்டி நின்றுகொண்டு, "சரி, ஆரம்பி," என்றார்.

"என்னத்த?"

"சண்டைய. போட்டுப் பாத்தாத்தானே தெரியும்."

"யோர்ரிட் நிக்கறாரு."

"நிக்கட்டும். அவரு பாக்காத சண்டையா."

ரின்ஸே கொஞ்சம் யோசித்தார். "பாத்திரம் கழுவற மெஷின்ல நீ கரண்டிய எப்பவும் தலைகீழா வைக்கற."

"இதுக்குப் பேரு சண்டையா? என் கடைக்கு வந்த கிழவனுங்க இதவிட நல்லாப் போடுவாங்க." சொல்லிவிட்டு ஆஃப்கே முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீ மூச்சு விடறது கேக்குது. இந்தப் படகு வேணாம்."

இரண்டாவது படகில் படுக்கையறை இரண்டு. ரின்ஸேக்கு அப்போதே கையெழுத்துப் போட ஆசை. ஆனால் பின்னறைக்குப் போகும் வழி, குழாய்களுக்கு அடியில் குனிந்து நுழையும் ஒரு பொந்து. ஆஃப்கே முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். "கோவிச்சுட்டுப் போறவ நாய்க்குட்டி மாதிரி தவழ்ந்தா போவா? பாக்கறவனுக்குச் சிரிப்பு வந்துடும்."

மூன்றாவது ஒரு பழைய பச்சைப் படகு. எஞ்சின் சத்தம் பூனை உறுமுவது போல இருந்தது. ஒரே படுக்கையறை. வெளியே முன்தளத்தில் ஒரு மர பெஞ்சு. ஓட்டிப் பார்க்க ஏரிக்குள் கொண்டுபோனோம். ரின்ஸே சக்கரத்தைப் பிடித்திருந்தார், ஆனால் முகம் கடுகடுவென்று இருந்தது.

"ரெண்டாவது ரூம் இல்லயே," என்றார்.

"அது எதுக்கு? நாம ரெண்டு பேருதான?"

"யாராவது வந்தா?"

"யாரு?"

"ஸீப்ரன்."

"உன் தம்பியா? எதுவரைக்கும்?"

"ஸ்டாக்ஹோம் வரைக்கும்."

"எப்பக் கூப்பிட்ட?"

"கிறிஸ்துமஸ் அப்ப," என்றார் ரின்ஸே, திசைகாட்டியைப் பார்த்தபடி.

ஏரி முழுக்கக் கேட்கப்போகிறது என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். ஆனால் ஆஃப்கே மழைக்கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு வெளியே போய், முன்தளத்து பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"கத்தவே இல்லயே," என்றார் ரின்ஸே. "எங்க கல்யாணத்துலேர்ந்து இப்படி ஆனதே இல்ல."

துறைமுகத்துக்குத் திரும்பும்போது காற்று வலுத்துவிட்டது. பளபளவென்ற இரண்டு பாய்மரப் படகுகளுக்கு நடுவே எங்கள் இடம். ரின்ஸேயின் கைகள் சக்கரத்தின்மேல் நடுங்கின. "யோர்ரிட், நீங்க பிடிங்க," என்றார். நான் எழுந்தேன்.

அப்போது முன்னே ஆஃப்கேயின் வலக்கை மேலே போனது. திரும்பிப் பார்க்கவில்லை, முதுகு அப்படியே. உள்ளங்கை மட்டும் இடப்பக்கம் சாய்ந்தது. ரின்ஸே சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினார். கை மெல்லக் கீழே அமுங்கியது. அவர் வேகத்தைக் குறைத்தார். வலப்பக்கம் ஒரு விரல். கொஞ்சம் வலப்பக்கம். கை முஷ்டியானது, அவர் நிறுத்தினார். படகு கரையைத் தொட்டதே தெரியவில்லை. ஆஃப்கே கயிற்றைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, அப்போதும் திரும்பாமல் இறங்கி என் அலுவலகத்தை நோக்கி நடந்தார்.

காப்பி ஊற்றி, ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினேன். ஆஃப்கே வாய் திறந்தார். "ஸீப்ரனுக்குப் போன் போடு. எல்லாரும் கேக்கற மாதிரி."

ரின்ஸே போட்டார். "ஸீப்ரன், படகுல ஒரே ரூம்தான் இருக்கு போல..."

"அப்பாடா," என்றது போன். "டெக்ஸல் தீவுக்குப் போற ஃபெர்ரிலயே வாந்தி எடுக்கறவன் நான். படகக் கரையில அணைக்கறதுன்னா கை நடுங்குது, ஆஃப்கே முன்னாடி மானம் போயிடும், கூட வந்து உதவுன்னு நீ கெஞ்சினதாலதான சரின்னேன். இது அவளுக்குக் கேக்காதுல்ல?"

"கேக்குது ஸீப்ரன்," என்றார் ஆஃப்கே. போன் இல்லாமலே ஸீப்ரனுக்கு அது கேட்டிருக்கும்.

ரின்ஸே போனை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பாலம் கட்டினவனுக்குப் படகு கட்டப் பயமா?" என்றார் ஆஃப்கே. "என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ ஆறுதல் சொல்லுவ. அதக் கேட்டுட்டு ஊரே வந்து ஆறுதல் சொல்லும்."

ஆஃப்கே சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்த என் கணக்கர் எட்டிப் பார்த்தார். பிறகு ரின்ஸேயின் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்துப் பாதியை உடைத்துக்கொண்டு, "பச்சப் படகயே எடுத்துக்கறோம்," என்றார்.

ஏப்ரல் முழுக்க இருவரும் துறைமுகத்தில் படகைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகப் பழகினார்கள். ஒருமுறை என் படித்துறையில் இடித்து ஒரு பலகையை உடைத்தார்கள். ரின்ஸே மறுநாளே வந்து புதுப் பலகை அடித்தார். லாரி ஏறினாலும் தாங்கும். மே மாத நடுவில் ஒரு காலை கிளம்பினார்கள். ஸீப்ரன் கரையில் நின்று கையசைத்தார். அப்படி ஒரு நிம்மதியான முகத்தை நான் எந்த வழியனுப்புதலிலும் பார்த்ததில்லை.