இரண்டு விரல் தண்ணீர்

நடவு இயந்திரம் ஒரு நடை போய்த் திரும்புவதற்குள் நாற்றெல்லாம் மிதந்தது. வரப்பில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

தப்பு என்னுடையதுதான். ரஷ்த் நகரில் நடந்த மூன்று நாள் பயிற்சியில் வாத்தியாரம்மா ஃபரங்கிஸ் தொண்டை கிழியச் சொன்னாள்: "மெஷினுக்கு ரெண்டு விரல் தண்ணி போதும்." நானும் மண்டையை ஆட்டினேன். ஆனால் வாய்க்காலில் என் முறை வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. வறண்ட வருஷம், பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். ஈரானில், எங்கள் கீலான் மாகாணத்தில், வந்த தண்ணீரைக் கணுக்கால்வரை கட்டி வைக்காதவர் யார்?

இயந்திரம் ஓட்டும் ஹூமன் இறங்கிவிட்டான். "வடிச்சாத்தான் நட முடியும்மா. மதியம் வரைக்கும் இருப்பேன். அப்புறம் அடுத்த ஊரு."

அவன் மறுபடி வர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் தட்டில் வளர்த்த நாற்று முற்றிவிடும். வேறு விதை கிடையாது. தண்ணீரை வடித்துவிட்டாலோ, அடுத்த முறைக்குள் பயிர் காய்ந்துவிடும்.

கீழ்வயல் தூபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முப்பது வருஷம் என்னோடு குனிந்து நட்டவள். அவளிடம்தான் நவ்ரூஸ் புத்தாண்டு அன்று வாய்க்கொழுப்பாக, "இனி மெஷின் நட்டுக்கும், உங்க கையெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றிருந்தேன்.

"என்னடி நொஸ்ரத், நாத்துக்கு நீச்சல் கத்துக்குடுக்கறியா?"

வரப்பில் கிடந்த மண்வெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"மண்வெட்டிய எடு. தண்ணிய என் வயலுக்கு வெட்டி விடு. நாத்து வேர் பிடிச்சதும் என் பம்பு வெச்சு ஏத்திக்கலாம்."

"உன் வயலும் சேறடிச்சுத் தயாராத்தானே கெடக்கு. கெடச்ச தண்ணியில நீ நட்டுக்க மாட்டியா?"

"என் முறை வரட்டும், நட்டுக்கறேன். என் வாயப் பாத்துக்கிட்டு நிக்காம வெட்டு."

மதியத்துக்குள் வயல் முடிந்தது. இயந்திரம் திரும்ப முடியாத மூலைகளை, சிரித்த அதே பெண்கள் இறங்கிக் கையால் நட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை பம்புச் சத்தம் கேட்டு ஓடினேன். தூபாவின் வயலிலிருந்து என் வயலுக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாற்றங்காலில் அவளுடைய நாற்று நடவுக்குக் காத்திருந்தது.

"போதும் தூபா. மிச்சத்த நீ வெச்சுக்க."

அவள் குனிந்து விரலை விட்டுப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு விரல் வரல."

"உங்க கை வேண்டாம்னு சொன்னது பொய்டி. முட்டி தேஞ்சு போச்சு. குனிய முடியல. அதச் சொல்ல வெக்கம்."

"தெரியும்டி" என்றாள். "மூணு வருஷமா உன் வரிசையில பாதிய நட்டது யாருன்னு நெனச்ச?"