விரல்மேல் பழி

எங்கள் வீட்டில் உகுலேலே என்கிற நாலு தந்திக் குட்டி கிட்டாரைச் செய்யத் தெரியாத கை கிடையாது. வாசிக்கத் தெரிந்த கையும் கிடையாது. மாமனார் கழுத்துப் பலகையில் கோடு போட்டு, சுரம் பிரிக்கும் குறுக்குக் கம்பி பதிப்பார். என் கணவர் ஒலிப்பெட்டியை ஒட்டுவார். நான் தந்தி மாட்டி, சுருதி காட்டும் டியூனரில் பச்சை விளக்கு எரியும்வரை முறுக்கி, அட்டைப்பெட்டியில் வைப்பேன். விரல் வைத்து அழுத்திப் பார்த்தவர் யாருமில்லை. அலங்காரப் பொருள் கடைக்காரர்கள் வாங்கிப் போவார்கள், யார் வீட்டுச் சுவரிலாவது தொங்கும். அதோடு சரி.

எனக்குத்தான் ஆசை விடவில்லை. பக்கத்துத் தெரு வகுப்பில் சேர்ந்தேன். "உனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தமாச்சே" என்று கணவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று, நாங்கள் செய்ததில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வலது கை சீக்கிரமே வசப்பட்டது. மணிக்கட்டைத் தளரவிட்டுக் கீழே, கீழே, மேலே, மேலே, கீழே, மேலே என்று மீட்டினால் டீச்சரே தலையாட்டினாள். வினை இடது கையில் இருந்தது. வெறும் தந்தியை மீட்டினால் தேன். விரல் வைத்து அழுத்தியதும் நாராசம்.

"குறுக்குக் கம்பியை ஒட்டி அழுத்துங்கக்கா" என்பாள் டீச்சர், என்னைவிடச் சின்னவள். ஒட்டி அழுத்தினால், "ரொம்ப அழுத்தறீங்க" என்பாள். டியூனர் பச்சை காட்டுகிறதே, அப்புறம் குறை விரலில்தானே இருக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் பாட்டுக்குத் தாவிவிட்டார்கள். நான் முதல் பாடத்திலேயே கிடந்தேன். வீட்டுக்கு வந்தால், "கச்சேரி எப்போ?" என்று நக்கல். விரல் நுனி காய்த்துப்போனதுதான் மிச்சம். என் விரல்களை நானே கரித்துக்கொட்டினேன்.

ஒருநாள் வகுப்பில் என் தந்தி அறுந்தது. டீச்சர் தன்னுடையதைக் கொடுத்தாள். அதே விரல், அதே அழுத்தம். நாலு தந்தியும் ஒன்றாகச் சேர்ந்து ஒலித்தன. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்படியானால் இத்தனை நாள் விரலைத் திட்டியது எதற்கு?

அதை இரவல் வாங்கி வந்து, பட்டறை மேசையில் எங்களுடையதோடு சேர்த்து வைத்தேன். தந்தியின் நீளம் இரண்டிலும் ஒன்றுதான். எங்கள் குறுக்குக் கம்பிகள்தான், அதில் இருந்த இடத்தை விட்டுப் போகப் போக விலகிக்கொண்டே போயின. மாமனாரின் அளவுப் பலகையே தப்பு. இதுவரை செய்த அத்தனைக்கும் அதை வைத்துத்தான் கோடு போட்டிருக்கிறார்.

மூலையில் புது உகுலேலேக்கள் அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தன. அவை சுவரில் தொங்கப் போகிறவை அல்ல. ஒரு பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்டது. மறுநாள் வண்டி வருகிறது.

"மாமா, இது போகக்கூடாது" என்றேன்.

"நேத்து வாசிக்கப் போனவ, எனக்கு அளவு சொல்றியா?"

"நான் சொல்லலை. நீங்களே கேளுங்க."

இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தி மீட்டினேன். கணவர் பசைத் தூரிகையைக் கீழே வைத்தார். மாமனார் காது ஒன்றும் மந்தமில்லை. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

"லேசா பிசிறுது, சரி" என்றார். "குழந்தைங்கதானே, அதுங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"தெரியாதுங்கறதுதான் மாமா கொடுமை. தன் விரல்தான் சரியில்லைன்னு நினைச்சுக்கும். சொல்லிக்குடுக்கறவங்க திட்டுவாங்க, வீட்ல சிரிப்பாங்க. நான் பட்டது போதும்."

"இப்ப எதுக்கு இவ்வளவு..." என்று கணவர் இழுத்தார்.

"உங்ககிட்ட அப்புறம் வரேன்" என்றேன்.

பள்ளிக்கூடத்து நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மாமனார் முன்னால் நீட்டினேன். "என்ன தெரியப்போகுதுன்னு சொன்னீங்களே, அதை இவங்ககிட்ட சொல்லுங்க."

எடுத்தது தலைமையாசிரியை. "எல்லாம் தயாரா? எப்ப வரும் எப்ப வரும்னு பிள்ளைங்க என் உயிரை வாங்குதுங்க" என்றார்.

மாமனார் என்னைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார்.

"கொஞ்சம் தாமதமாகும்மா. மரம் ஈரமா இருக்கு. மரத்துலதான் கோளாறு."

இத்தனை நாள் என் விரல்மேல் பழி. இப்போது மரத்தின்மேல். எனக்குப் பொறுக்கவில்லை. போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"மரம் நல்லாத்தான் இருக்கு மேடம். நாங்க போட்ட கோடுதான் தப்பு."