தெய்வசிகாமணி போட்ட மார்க்

பழவேற்காட்டு மீன் ஏலத்தில் தெய்வசிகாமணியின் வாய்ச்சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. முந்தின நாள் இறாலை ஐஸில் போட்டு வைத்திருந்து, இப்போதுதான் பிடித்தது என்று யாராவது கூடையைக் கவிழ்த்தால், அவர் ஒன்றை எடுத்துத் தலையை லேசாக அழுத்திப் பார்ப்பார். பிறகு, "நேத்து எறா, கேளுங்க" என்று சொல்லித்தான் ஏலத்தைத் தொடங்குவார். கூடைக்காரன் முறைப்பான். வியாபாரிகள் நம்பிக் கேட்பார்கள். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் நடந்து வந்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை, நண்டுக் கூடை ஒன்றைத் தாண்டப் போனவர் மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்தார். இடது பக்கம் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சென்னையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். இனி ஆறு வாரம் தினமும் பயிற்சி கொடுத்து நடக்க வைக்க வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டால் அது சரிப்படாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை பார்க்கும் மகள் பூவிழி நாலு இடத்தில் விசாரித்து, அனுப்பம்பட்டுக்குப் பக்கத்தில் 'தென்றல் மறுவாழ்வு இல்லம்' என்ற இடத்தில் அப்பாவைச் சேர்த்தாள்.

அந்தப் பெயர்தான் வம்பாகப் போயிற்று. மறுவாழ்வு இல்லம் என்றால் குடியை நிறுத்துகிற இடம் என்றுதான் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெய்வசிகாமணி பன்னீர் சோடாவைத் தவிர பாட்டிலில் இருக்கும் எதையும் தொட்டவரில்லை. ஆனாலும், பாவம் மனுஷன், இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று ஒரே வாரத்தில் பேச்சு பரவிவிட்டது. அவர் மனைவி கஸ்தூரியம்மாள் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் எக்ஸ்ரே படத்தையும் எடுத்துக்கொண்டு போய், வெயிலில் தூக்கிப் பிடித்துக் கம்பியைக் காட்ட வேண்டியிருந்தது.

இல்லத்தில் மொத்தம் பதினெட்டு நோயாளிகள். கீழே பத்துப் பேர், மாடியில் எட்டுப் பேர். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பெல் பொத்தான். பகல் நேரத்து நர்ஸ் எளாவூர்க்காரப் பெண் அனிதா. அவளோடு ஓர் ஆயா. கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க பிரசாந்த் என்று ஓர் இளைஞன் காலையில் வருவான். அவனுக்கும் தெய்வசிகாமணிக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி வைப்பார். இன்றைக்கு இது போதும் என்று உட்கார்ந்துவிடுவார். அவன் இன்னும் நாலு அடி என்று கெஞ்சினால் கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாவனை செய்வார்.

பன்னிரண்டாம் நாள் அனிதா ஒரு தாளோடு வந்தாள். சென்னையிலிருந்து தரச் சான்று கொடுப்பவர்கள் அடுத்த வாரம் வருகிறார்களாம். அதற்கு முன் நோயாளிகளிடம் கருத்து எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறார்களாம். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிடும்படியும், கையெழுத்து போட்டால் போதும், மற்றதைத் தானே நிரப்பிக்கொள்வதாகவும் அனிதா சொன்னாள்.

"அஞ்சுன்னா இன்னாம்மா அர்த்தம்?"

"ரொம்ப நல்லா இருக்குதுன்னு அர்த்தம்பா."

"பாக்காம எப்டிம்மா சொல்றது? தாள இங்க வெச்சிட்டுப் போ. நாலு நாள் டைம் குடு."

அனிதா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

கூடையின் மேலாக இருப்பதை மட்டும் பார்த்து விலை சொல்கிற வழக்கம் தெய்வசிகாமணிக்கு இல்லை. தன் கட்டிலில் நடப்பது தனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு எப்படி என்று கேட்க வேண்டாமா? கேட்க வேண்டுமென்றால் அவர்களிடம் போக வேண்டும். மறுநாள் காலை வாக்கரை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். பதினோரு அடி. அதற்கடுத்த நாள் அதற்கும் அடுத்த அறை. மூன்றாம் நாள் வராந்தாவின் கடைசி வரை போய், அங்கே படுத்திருந்த ஓய்வு பெற்ற தபால்காரரிடம் கக்கூஸ் சுத்தத்தைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்துவிட்டுத் திரும்பினார். பிரசாந்த் தூணோரமாக நின்று பார்த்தானே தவிர வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மனுஷன் உட்கார்ந்துவிடுவார் என்ற பயம்.

ஏழாவது கேள்வியில்தான் சிக்கல் வந்தது. அழைப்பு மணி அடித்தால் பணியாளர் உடனே வருகிறாரா? காலையில் அடித்துப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் அனிதா வந்தாள். சாயங்காலமும் அப்படியே. மதியம் ஒன்றரை மணிக்கு அடித்தபோது மட்டும் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. மறுநாள் நாற்பது. அதற்கடுத்த நாள் யாரும் வரவே இல்லை. மூன்று மணிக்கு வேறு வேலையாக வந்த அனிதா, கூப்பிட்டீங்களாப்பா என்று ஆச்சரியமாகக் கேட்டாள். காரணம் தெரிந்தபோது சப்பென்று இருந்தது. அந்த நேரத்தில் அனிதாவும் ஆயாவும் மாடியில் எட்டுப் பேருக்கு மருந்து கொடுத்து, சோறு ஊட்டி, துணி மாற்றிக்கொண்டிருப்பார்கள். மணியோ கீழே ஆளில்லாத நர்ஸ் மேஜைமேல் அடித்துக்கொண்டிருக்கும்.

பக்கத்து அறையில் அந்தோணிசாமி இருந்தார். படகோட்டி. எழுபது வயது. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய், பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தெய்வசிகாமணி போயிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அந்தோணிசாமி இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அப்படியே எச்சில் தட்டில் ஊற்றிவிட்டு, காலி டம்ளரை ஒழுங்காக மேஜையில் வைத்தார்.

தண்ணீரில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தெய்வசிகாமணி கேட்டார். இல்லை என்று தலையாட்டினார். பிறகு ஏன் என்று கேட்டதும், அவர் பெல் பொத்தானைக் காட்டினார். நெடுநேரம் உதடுகளைக் கூட்டிப் பார்த்து, "வர... மாட்டாங்க" என்றார். பிறகு வேட்டியைக் காட்டி, ஈரமானால் என்கிறதுபோல் கையை விரித்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

குடித்தால் ஒன்றுக்கு வரும். வந்தால் கூப்பிட ஆளில்லை. அதனால் நண்பகலிலிருந்து குடிப்பதில்லை. தெய்வசிகாமணி தன் கட்டிலுக்குத் திரும்பினார். அது வரைக்கும் மார்க் போடுவது அவருக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் தாளை நிரப்பினார். சுத்தத்துக்கு நாலு. பிரசாந்துக்கு நாலு, வலிக்கிறது என்பதற்காக ஒன்று குறைத்தார். அனிதாவின் கவனிப்புக்கு ஐந்து. சாப்பாட்டுக்கு இரண்டு, பக்கத்திலேயே 'குழம்பில் கிடந்தது என்ன மீன் என்று எனக்கே தெரியவில்லை' என்று குறிப்பு. ஏழாவது கேள்விக்கு ஒன்று.

தாளை வாங்கிப் பார்த்த அனிதாவின் முகம் சுருங்கியது. காலையிலிருந்து ராத்திரி வரை நிற்க நேரமில்லாமல் ஓடுகிறவளுக்கு ஒரு மார்க்கா என்று அவள் கேட்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் முழுவதும் மருந்து கொடுக்கும்போதுகூட அவரிடம் பேசவில்லை.

அவளுக்குப் பதிலாக மேனேஜர் விமல் வந்தார். மரியாதையான ஆள், குரலை உயர்த்த மாட்டார். புதுத் தாள் ஒன்றை நீட்டி, மற்ற பதினேழு பேரும் ஐந்துதான் போட்டிருக்கிறார்கள், நீங்கள் ஒருத்தர் மட்டும் இப்படிப் போட்டால் நன்றாகவா இருக்கிறது என்றார். அவர் கையிலிருந்த அந்தப் பதினேழு தாளிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்பதைத் தெய்வசிகாமணி கவனித்தார். தன்னால் மாற்ற முடியாது என்று தன்மையாகவே சொன்னார்.

"சரிங்கய்யா, உங்க இஷ்டம். ஆனா மணிக்குப் பதில் சொல்ல வேண்டியது அனிதா. சான்று வரலன்னா மொதல்ல அந்தப் பொண்ணத்தான் கேப்பாங்க."

இது அவரை அசைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரியம்மாள் காட்டூர் வழியாக ஷேர் ஆட்டோ பிடித்து, மடவைக் கருவாட்டுத் தொக்கோடு வந்து இறங்கியபோது எல்லாவற்றையும் சொன்னார். மார்க்கை மாற்றினால் அந்தோணிசாமி தண்ணீர் குடிக்க மாட்டார். மாற்றாவிட்டால் அனிதாவின் வேலைக்கு வேட்டு. கஸ்தூரியம்மாள் தொக்கு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு சும்மா குந்திக்கினு இருந்து வராம போச்சா?"

"சேச்சே. மாடில எட்டுப் பேருக்கு ஓடிக்கினு கீது."

"அப்ப அத்த எழுது. மார்க்க மட்டும் போட்டா பாக்கறவனுக்கு இன்னா தெரியும்? ஏன் கொறஞ்சதுன்னும் சேத்து எழுது."

தெய்வசிகாமணி விமலிடமிருந்து தன் பழைய தாளைத் திரும்ப வாங்கிப் பின்பக்கத்தில் எழுதினார். எழுத்து அவருக்குச் சரளமாக வராது. முக்கால் மணி நேரம் பிடித்தது. ஏழாம் கேள்விக்கு ஒரு மார்க் என்பது அனிதாவுக்கு இல்லை. பகலில் பதினெட்டுப் பேருக்கு இரண்டு பேர்தான். மாடியில் இருப்பவளுக்குக் கீழே அடிக்கிற மணி கேட்காது. மதியத்துக்கு இன்னோர் ஆள் வேண்டும். மணி அடித்தால் யாரும் வர மாட்டார்கள் என்று பயந்து ஒருவர் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். இவ்வளவுதான்.

அதை விமலிடம் கொடுக்கும் முன் அனிதாவைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். கடைசி வரியில் நின்று, யாருப்பா அது என்றாள். அவர் பக்கத்து அறைப் பக்கம் தலையை அசைத்தார். அனிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். டம்ளர் தினமும் காலியாக இருப்பதைப் பார்த்து, நன்றாகக் குடிக்கிறார் என்று தானே சார்ட்டில் எழுதி வந்ததாகச் சொன்னாள்.

சான்று கொடுக்கும் அதிகாரி காவியா புதன்கிழமை மதியம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அன்று இல்லம் முழுக்கப் பினாயில் மணந்தது. மேஜைமேல் ரோஜாப் பூ. விமல் கருத்துத் தாள்களைக் கட்டாக நீட்டினார். பதினெட்டுப் பேருக்குப் பதினெட்டுத் தாள் இருக்க வேண்டும் என்பதால் தெய்வசிகாமணியின் தாளும் அடியில் இருந்தது. காவியா மேலே நாலைந்தைப் புரட்டிவிட்டு, ஒரே கையெழுத்தாக இருப்பதைப் பார்த்ததும் மீதியை வேகமாகத் தள்ளினார். கடைசித் தாளில் கண் நின்றது. இருபக்கமும் படித்தார். இவரைப் பார்க்கலாமா என்றார்.

அறைக்கு வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. அடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டு, தானே பொத்தானை அழுத்தினார்.

பத்து விநாடி ஆகியிருக்காது. அனிதா வந்தாள். பின்னாலேயே ஆயா வந்தாள். காலையோடு போய்விடுகிற பிரசாந்தும் அன்றைக்கு இருந்து, அவளை இடித்துக்கொண்டு வந்தான். கடைசியில் கையில் கரண்டியோடு சமையல்காரரும் வந்து நின்றார். அன்றைக்கு யாரும் மாடிக்குப் போகக் கூடாது என்று விமல் உத்தரவு போட்டிருந்தார் போலும்.

காவியா எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தினமும் நாலு பேர் வருவார்களா என்று தெய்வசிகாமணியிடம் கேட்டார்.

"இன்னிக்கு அஞ்சு மார்க் போடலாம்மா. நீ தெனம் வந்தா தெனம் போட்லாம்."

பிரசாந்த் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். காவியா சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்படியானால் இப்போது மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அனிதா தலையைக் குனிந்து, யாரும் இல்லை மேடம் என்றாள். சொல்லிவிட்டு அனுமதிக்குக் காத்திராமல் மாடிப்படியை நோக்கி ஓடினாள். காவியாவும் பின்னாலேயே போனார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். போகும்போது அந்தோணிசாமியின் அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

சான்று அப்போது கிடைக்கவில்லை. குறைகளைச் சரி செய்தபின் இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதாகவும், குறை என்பது ஆள் போதாமைதான், நர்ஸ் மேல் இல்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விமல் மூன்று நாள் தெய்வசிகாமணியின் அறைப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் எலக்ட்ரீஷியன் வந்து மாடியிலும் மணி மாட்டினார். மறுவாரம் காட்டூரிலிருந்து செல்வம்மாள் என்ற பெண் மதிய வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் பெல் அடித்ததும் அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்ததைப் பார்த்து, மெல்ல வாம்மா, விழுந்தால் உனக்கும் இங்கேதான் கட்டில் போடுவார்கள் என்று தெய்வசிகாமணி எச்சரித்தார்.

அனிதா மதியங்களில் அந்தோணிசாமியோடு உட்கார்ந்து, அவர் குடித்து முடிக்கிற வரை எழுந்திருப்பதில்லை. முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அரை டம்ளரில் நிறுத்திவிட்டு, பொத்தானை அழுத்திப் பார்ப்பார். யாராவது வந்தால் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவார். நாலைந்து தடவை அப்படிச் சோதித்த பிறகு முழு டம்ளரையும் குடித்தார். மீன் குழம்பு மட்டும் கடைசி வரை திருந்தவில்லை.

ஆறாவது வாரம் தெய்வசிகாமணி ஒரு கைத்தடியோடு தானே நடந்து வேனில் ஏறினார். அந்தோணிசாமி வாசல் வரை சக்கர நாற்காலியில் வந்தார். போய் வருகிறேன் என்று இவர் சொன்னதற்கு, "வராத" என்று அவர் தெளிவாகச் சொன்னார். அனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வைகாசியில் ஏலத்துக்குத் திரும்பிவிட்டார். இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் கூவுகிறார். ஒரு நாள் பக்கத்துக் குப்பத்து சுபாஷ் வந்து நின்றான். அவன் அப்பாவுக்கும் இடுப்பில் அடி. மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறான், எது நல்லது என்று தெரியவில்லை என்றான். தெய்வசிகாமணி வியாபாரிகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவனை அருகில் கூப்பிட்டார்.

"காலைல போவாத. எல்லா எடமும் காலைல நல்லாத்தான் இருக்கும். மதியம் ரெண்டு மணிக்கு, சொல்லாம போ. ஆபீஸ் ரூம்ல குந்தாத. உள்ள போயி யார் கட்டில்கிட்டயாவது நின்னு பெல்ல அமுக்கு. வாட்ச்ச பாரு."

சுபாஷ் தலையாட்டிவிட்டு அன்றைக்கே மதியம் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.