மெய்லுவானின் முன்பற்கள்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மெய்லுவானின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் பாதியாக உடைந்துபோயின. மிஞ்சிய கட்டைகளுக்கு உறை போட வேண்டும். பழைய பல் எப்படி இருந்தது என்று பார்க்க, அவள் சிரிக்கும் படம் ஒன்றுகூட இல்லை. இரட்டைப் பிறவியான தங்கை ஒருத்தி இருப்பதாகச் சொன்னாள். அப்படித்தான் தைவானின் கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியனிலிருந்து மோச்சி என்னும் அரிசி மாவு இனிப்புப் பெட்டியோடு ரயிலேறி வந்த மெய்ச்சூ, தைனானில் பல் உறை செய்யும் சியாவென் முன்னால் வாயைத் திறந்து உட்கார்ந்தாள்.

ஈறருகே வெண்ணெய் நிறம், நுனியில் நீலம் கலந்த பளபளப்பு. இடப்பக்கப் பல்லில் பால் துளிபோல ஒரு புள்ளி. சியாவென் எல்லாவற்றையும் வரைந்துகொண்டாள்.

உலோகத்தை உருக்கி மெல்லிய தொப்பிகள் வார்த்தாள். சாம்பல் நிறம் தெரியாதபடி முதல் பூச்சு பூசிச் சுட்டாள். பிறகு பீங்கான் பொடியை நீரில் குழைத்துத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றினாள். சுட்டால் சுருங்கும் என்பதால் சற்றுப் பெரிதாகவே. உலைக்குள் போனது சுண்ணாம்புக் கட்டி. வெளியே வந்தது உள்ளே வெளிச்சம் தங்கிய பல். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியில் அவளுக்கு மூச்சு ஒருகணம் நின்றுதான் வரும்.

பல் மருத்துவர் உறைகளைப் பொருத்திப் பார்த்த நாளில் சியாவெனும் உடனிருந்தாள். மெய்லுவான் கண்ணாடியை வாங்கினாள்.

"அழகா இருக்கு. ஆனா புள்ளி எனக்கு வலது பல்லுலதானே இருந்துச்சு?"

"போ அக்கா, உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு," என்றாள் மெய்ச்சூ. "எதிர்ல நின்னு எத்தனை வாட்டி பார்த்திருக்கேன். என் புள்ளிக்கு நேராத்தான் உன் புள்ளி..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். எதிரெதிரே நின்றால் ஒருத்தியின் இடதுக்கு நேராக வருவது மற்றவளின் வலது.

சியாவென் இருவரையும் தலை குனியச் சொன்னாள். உச்சிச் சுழி ஒருத்திக்கு வலமாகவும் மற்றவளுக்கு இடமாகவும் சுற்றியிருந்தது. ஒரு கருவிலிருந்து பிரிந்த இரண்டு பேர், கண்ணாடியின் இருபுறமும் நிற்பதுபோல் பிறந்திருக்கிறார்கள்.

இப்படியே இருக்கட்டும், யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள் மெய்லுவான். சியாவென் கேட்கவில்லை. புள்ளி உள்ளடுக்கில் இருந்ததால், பீங்கானை உலோகம்வரை அரைத்தெடுத்தாள். மெய்ச்சூவைக் கண்ணாடிமுன் உட்காரவைத்து, அதில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்தே மறுபடி ஏற்றினாள்.

புதிய உறைகளை ஒட்டியதும் அக்காவும் தங்கையும் எதிரெதிரே நின்று சிரித்தார்கள். மெய்ச்சூ அக்காவின் பல்லை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். எந்தச் சிரிப்பு தன் உலையிலிருந்து வந்தது என்று ஒருகணம் சியாவெனுக்கே தெரியவில்லை.